நாற்பது விநாடி மிச்சம்

குரு என்றால் வெள்ளைத் தாடியும் சிஷ்யன் என்றால் அரும்பு மீசையும் இருக்க வேண்டும் என்று நினைப்பவர்கள் இந்தக் கதையில் கொஞ்சம் ஏமாந்துபோவார்கள். இதில் குருவுக்கு வயது முப்பத்து மூன்று. பெயர் அமலி. பெண்கள் பள்ளி ஒன்றில் விளையாட்டு ஆசிரியை. சிஷ்யருக்கு வயது நாற்பத்தொன்பது. பெயர் பூல்பாண்டியன். கல்லூரியில் வேதியியல் பேராசிரியர். குரு சிஷ்யரை ‘சார்’ என்பார். சிஷ்யர் குருவை ‘டீச்சர்’ என்பார். சிஷ்யர் குருவிடம் கற்றுக்கொண்டது, ஹாக்கி ஆட்டத்துக்கு நடுவராக நிற்பது எப்படி என்பதை.

இந்த வயதில் இந்த மனுஷனுக்கு ஏன் இந்த வேலை என்று ஊரில் கேட்காதவர்கள் இல்லை. கரிசல் பூமியில் அது ஹாக்கிக்குப் பேர்போன சிறு நகரம். பூல்பாண்டியன் கல்லூரியில் படித்த மூன்று வருடமும் அணியில் இருந்தார். மூன்று வருடமும் பெஞ்சில் இருந்தார். ஒரு நாள், ஒரு நிமிடம்கூட அவரை உள்ளே இறக்கவில்லை. கோட்டுக்கு உள்ளே ஒரு தடவையாவது நிற்க வேண்டும் என்ற ஏக்கம் தலை நரைத்த பிறகும் நரைக்கவில்லை. நடுவருக்கான பேட்ஜ் வாங்கினால் நிற்கலாம். ஆனால் ஐம்பது வயது தாண்டினால் பேட்ஜ் கிடையாது என்பது மாவட்டச் சங்கத்தின் விதி. இந்த வருடம் விட்டால் அவ்வளவுதான்.

அவரைப் பற்றி இன்னொன்றும் சொல்லிவிட வேண்டும். சந்தேகம் அவருக்குத் தொழில். பதினாறு வருடமாகத் தேர்வுப் பறக்கும் படையில் போய்வருகிறவர். பேனா மூடிக்குள் சுருட்டி வைத்த பிட்டை வாசலில் நின்றே கண்டுபிடிப்பார். ஒரு பையன் தும்மினால்கூட யாருக்கோ விடை சொல்கிறான் என்று நினைப்பார். பாதி நேரம் அவர் நினைத்தது சரியாகவும் இருந்து தொலைத்தது. அதுதான் அவரைக் கெடுத்தது.

அன்று கல்லூரி மகளிர் கோப்பையின் இறுதி ஆட்டம். மேலக்கல்லூரியும் மில் கல்லூரியும் மோதின. மைதானத்தின் ஒரு பாதி அமலிக்கு. மறு பாதி, பழகுநர் நடுவர் பூல்பாண்டியனுக்கு. அவருக்கு அதுதான் தேர்வு. இதில் ஒழுங்காக நின்றால் பேட்ஜ்.

ஆட்டத்துக்கு முன் அமலி சொன்னார்: “நேரம் என் பொறுப்பு சார். உங்க வாட்ச் துணைக்கு ஓடட்டும்.”

இன்னும் ஏதேதோ சொன்னார். பூல்பாண்டியன் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். அவர் கண் தன் கழுத்தில் தொங்கிய விசிலிலேயே இருந்தது.

கடைசிக் கால்பகுதி. ஆளுக்கு ஒரு கோல். மில் கல்லூரிக் கேப்டன் இசக்கியம்மாள் பந்தைத் தட்டிக்கொண்டு பூல்பாண்டியன் நின்ற பக்கத்துக் கோலை நோக்கி வந்துவிட்டாள். அரைவட்டத்துக்குள் நுழைந்தாள். மேலக்கல்லூரி கோல்கீப்பர் ரோஸ்லின் சறுக்கி விழுந்து கிடந்தாள். கோல் வாய் திறந்து கிடந்தது. இசக்கியம்மாள் மட்டையை ஓங்கினாள்.

மைதானத்தின் அந்தக் கோடியிலிருந்து அமலியின் விசில் நீளமாக ஒலித்தது. ஆட்டம் முடிந்தது. ஒன்றுக்கு ஒன்று, சமம்.

பூல்பாண்டியன் தன் கடிகாரத்தைப் பார்த்தார். நாற்பது விநாடி மிச்சம் இருந்தது.

அமலி நீட்டிய முடிவுத்தாளில், படிக்காமலே கையெழுத்துப் போட்டார். பிறகு படித்தார். ‘நேரம் சரி’ என்று அமலியின் எழுத்தில் இருந்தது.

இதற்குப் பிறகு பறக்கும் படைக்கு வேலை வந்துவிட்டது. அமலி மேலக்கல்லூரியில் படித்தவர் என்பது ஞாபகம் வந்தது. சமன் ஆனதில் மேலக்கல்லூரிதான் பிழைத்தது. ரோஸ்லின் ஒரு கட்டைப்பையைக் கொண்டுவந்து அமலியிடம் கொடுத்தாள். அமலி உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, தலையை ஆட்டி வாங்கிக்கொண்டார். அந்தப் பக்கம் போனால், சற்று முன்வரை மல்லுக்கு நின்ற இசக்கியம்மாளும் ரோஸ்லினும் ஒரே கிளாஸ் நன்னாரி சர்பத்தை மாற்றி மாற்றிக் குடித்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

வயிற்றெரிச்சலோடு போக வேண்டியவள் எதற்குச் சிரிக்கிறாள்? அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். பூல்பாண்டியன் கண்ணுக்குச் சர்பத்தும் பேயாகத் தெரிந்தது.

கோப்பைக் கமிட்டியின் செயலாளர் அரிராமன் அவரை டீக்கடைக்கு அழைத்துப் போனார்.

“சார், உங்க வாட்ச்ல எவ்வளவு இருந்துச்சு?”

பூல்பாண்டியன் மென்று விழுங்கினார். “நாப்பது விநாடி.”

“மிச்சமா?”

“மிச்சம்.”

அரிராமன் கிளாஸைக் கீழே வைத்தார். “நெருப்பில்லாமப் புகையாது சார். போன வருசம் பைனலுக்கும் அமலிதான் விசில். சமம். இந்த வருசமும் அமலிதான். சமம். சமம்னா என்ன நடக்கு? ரெண்டு காலேஜுக்கும் முதல் பரிசுச் சர்டிபிகேட். வேலைக்குப் போறப்ப விளையாட்டு ஒதுக்கீட்டுல அதுக்கு மதிப்பு இருக்கு. இதுல யாருக்கு நஷ்டம், சொல்லுங்க?”

“யாருக்கும் இல்ல.”

“அதான் சந்தேகம்.”

அந்தக் கோப்பைக்கு ஒரு வழக்கம் உண்டு. இறுதி ஆட்டம் சமன் ஆனால் கோப்பை ஆறு மாதம் ஒரு கல்லூரியில் இருக்கும், ஆறு மாதம் மற்றதில். தவணை முடிந்ததும் வைத்திருந்தவர்கள் அதைப் புளி போட்டு விளக்கி, எதிர் கல்லூரிக்குத் தாங்களே தூக்கிக்கொண்டு போய்க் கொடுக்க வேண்டும். போகிறவர்களுக்கு அங்கே மதியச் சாப்பாடு. யார் ஏற்படுத்திய வழக்கமோ தெரியாது. அரிராமனுக்கு அதைக் கண்டாலே ஆகாது.

“விளையாட்டுப் போட்டியா, சம்பந்தி விருந்தா சார் இது? சமம்னா உடைக்கணும். ஷூட் அவுட் வைக்கணும். ஒருத்தி தனியாப் பந்தக் கொண்டுபோவா. எதுத்தாப்புல கோல்கீப்பர் மட்டும். எட்டு விநாடி. சனம் எந்திரிக்காமப் பாக்கும். முடிவு தெரியாம வீட்டுக்குப் போறது உப்பில்லாத கஞ்சியக் குடிச்ச மாதிரி இருக்கு.”

“அதுவும் சரிதான்.”

“நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள நீங்க பாத்தத ஒரு தாள்ல எழுதிக் குடுங்க. ஞாயித்துக்கிழமை ரெண்டு டீமையும் கூப்பிட்டு, இந்தச் சமத்த உடைச்சிருவோம். அமலி இனி விசில் ஊத முடியாது. இனி வர்ற வருசத்துக்கும் ஷூட் அவுட்தான் விதி.” கொஞ்சம் நிறுத்தி அரிராமன் சொன்னார்: “பேட்ஜ் விசயத்த என்கிட்ட விட்ருங்க.”

ஏன் இதைச் சொல்கிறார் என்று பூல்பாண்டியனுக்குச் சுருக்கென்றது. அரிராமன் மீதும் ஒரு சந்தேகம் வந்தது. ஆனால் அந்தச் சந்தேகத்தை அவர் துருவவில்லை. தனக்கு லாபம் வருகிற இடத்துச் சந்தேகத்தை யாரும் துருவுவதில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு அமலியின் பள்ளி மைதானத்துக்குப் போனார். ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எழுதுவோம் என்று போனதாகத்தான் தனக்குச் சொல்லிக்கொண்டார். உண்மையில் முகத்தைப் பார்க்கப் போனார். பறக்கும் படைக்காரருக்கு முகம்தான் விடைத்தாள்.

அமலி வேப்பமரத்தடியில் உட்கார்ந்து சாக்கு ஊசியால் எதையோ தைத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் நேற்றைய கட்டைப்பை. தைத்துக்கொண்டிருந்தது ரோஸ்லினின் காலில் கட்டும் தடுப்புப் பட்டை. வார் பிய்ந்திருந்தது. அமலி ஒரு காலத்தில் மாநில அணிக்குக் கோல்கீப்பர். அதனால் ஊரில் எந்தக் கோல்கீப்பருக்குப் பட்டை கிழிந்தாலும் அவரிடம்தான் வரும்.

பூல்பாண்டியன் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டு, பைக்குள் வேறு ஏதாவது இருக்கிறதா என்றும் பார்த்தார்.

“காலி சார்,” என்றார் அமலி, தலையைத் தூக்காமல்.

பூல்பாண்டியனுக்கு முகம் சுண்டிவிட்டது.

“டீச்சர், ஒரு கேள்வி.”

“கேளுங்க.”

“சமமா முடிஞ்ச ஆட்டத்த உடைக்கணுமா, வேண்டாமா?”

அமலி நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். “இதக் கேக்கவா விடிஞ்சதும் வந்தீங்க?”

“இதத்தான்.”

“வேற ஒண்ணும் இல்லயே?”

“இல்ல.”

அமலி அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வையில் என்ன இருந்தது என்று பூல்பாண்டியனால் படிக்க முடியவில்லை. பதினாறு வருட அனுபவத்தில் அவர் படிக்க முடியாமல் போன முகங்கள் இரண்டோ மூன்றோதான்.

“என் பிள்ளைங்க ரெண்டு டீமாப் பிரிஞ்சு இப்ப ஆடப் போறாங்க,” என்றார் அமலி. “பத்து நிமிசம். நீங்க ஒரு பக்கம் நில்லுங்க, நான் ஒரு பக்கம். இன்னைக்கு நேரம் உங்க பொறுப்பு. முடிக்கிற விசில் நீங்க ஊதணும்.”

“என் கேள்வி?”

“ஆட்டம் முடியட்டும்.”

எட்டாம் வகுப்புப் பெண்கள். சிவப்பு ரிப்பன் ஓர் அணி, நீல ரிப்பன் ஓர் அணி. பள்ளிக்குப் புதிதாக எட்டு மட்டைகள் வந்திருந்தன. ஜெயிக்கிற அணி இந்த வாரம் முழுவதும் அவற்றை வைத்து ஆடலாம். தோற்கிற அணிக்குப் பழைய மட்டைகள். சமன் ஆனால் ஆளுக்கு மூன்று நாள். அந்த வயதில் புது மட்டை என்றால் உயிர். ஆட்டம் சூடாகத்தான் போனது.

பூல்பாண்டியன் பந்தைப் பார்த்ததைவிட அமலியைத்தான் அதிகம் பார்த்தார். எதற்காக இந்த ஏற்பாடு? நேரத்தை ஏன் என் தலையில் கட்டினார்? பிறகு ஏதாவது பேசினால் நீங்கள்தானே ஊதினீர்கள் என்று வாயை அடைக்கவா?

ஆறாவது நிமிடத்தில் அவர் பக்கத்து அரைவட்டத்துக்குள் ஒரு சிவப்பு ரிப்பன்காரியின் காலில் பந்து பட்டது. பூல்பாண்டியன் விசில் ஊதி, இரண்டு கையையும் கோலை நோக்கி நீட்டினார். நீலத்துக்குப் பெனால்டி கார்னர். தடுக்கும் பிள்ளைகள் முகமூடி மாட்டிக்கொண்டு கோல் கோட்டில் போய் நின்றார்கள். அடிக்கும் பிள்ளைகள் அரைவட்டத்தைச் சுற்றி நின்றார்கள். எல்லாம் சரியாக நின்றதும் அவர் விசில் ஊதினார். பந்து வெளியே போனது. கோல் இல்லை.

ஆட்டம் முடியும் நேரத்தில் அமலி ஒரு காரியம் செய்தார். கழுத்திலிருந்த விசிலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது, நடுவர் கை கட்டி நிற்கிறார். இதில் என்ன சூழ்ச்சி என்று பூல்பாண்டியனுக்குப் புரியவில்லை. கடிகாரத்தைப் பார்த்தார். இன்னும் நேரம் இருந்தது.

அப்போது நீல ரிப்பன் அணியிலிருந்து ஒரு குட்டைப் பெண் கூட்டத்துக்குள் புகுந்து பந்தைத் தள்ளினாள். பந்து கோல்கீப்பரின் இரண்டு காலுக்கும் நடுவே உருண்டு உள்ளே போய் நின்றது.

நீலம் குதித்தது. சிவப்பு உட்கார்ந்துவிட்டது. சில விநாடிகளில் பூல்பாண்டியனின் கடிகாரம் பத்து நிமிடத்தைத் தொட்டது. அவர் முடிவு விசில் ஊதினார்.

அமலி மைதானத்தைக் கடந்து அவரிடம் வந்தார்.

“யார் ஜெயிச்சாங்க சார்?”

“நீலம்தான். ஒண்ணுக்குச் சைபர்.”

அமலி தன் கடிகாரத்தை அவரிடம் நீட்டினார். அது ஓடிக்கொண்டே இருந்தது. பத்து நிமிடம் தாண்டி, ஐம்பத்தி எட்டு, ஐம்பத்தி ஒன்பது என்று விநாடிகள் ஏறிக்கொண்டிருந்தன. பூல்பாண்டியன் விசில் ஊதிப் பதினெட்டு, இருபது விநாடிதான் ஆகியிருந்தது.

பூல்பாண்டியன் இரண்டு கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தார். நாற்பது விநாடி. நேற்று இருந்த அதே நாற்பது விநாடி.

“உங்க வாட்ச் ஓட்டமா ஓடுது,” என்றார். அவர் குரலிலேயே அவருக்கு நம்பிக்கை இல்லை.

“ரெண்டையும் சேத்து அமுக்குங்க சார். பாப்போம்.”

இருவரும் ஒரே நேரத்தில் பொத்தானை அமுக்கினார்கள். ஒரு நிமிடம் இரண்டையும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இரண்டும் ஒன்றாகவே ஓடின. ஒரு மயிரிழை வித்தியாசம் இல்லை.

“கார்னர் குடுத்தீங்களே சார், அப்ப உங்க பெருவிரல் என்ன செஞ்சுச்சு?”

பூல்பாண்டியன் தன் பெருவிரலைப் பார்த்தார்.

உலக அளவிலான பெரிய ஆட்டங்களில், பெனால்டி கார்னர் கொடுத்தால் கடிகாரத்தை நாற்பது விநாடி நிறுத்துவார்கள். பிள்ளைகள் முகமூடி மாட்டி நிற்க அந்த நேரம். அவர் பேட்ஜ் தேர்வுக்காகப் படித்த விதிப்புத்தகம் அந்த ஆட்டங்களுக்கானது. ஆறு மாதமாக வீட்டில் செல்போனில் அந்த ஆட்டங்களைப் போட்டுவிட்டு, கையில் கடிகாரத்தோடு பழகியிருந்தார். கார்னர் என்றால் அமுக்கு. நாற்பது எண்ணு. மறுபடி அமுக்கு. விரல் படித்துக்கொண்டது. இப்போது மனசைக் கேட்காமலே செய்கிறது. இந்த ஊர்க் கோப்பையில் அந்த வழக்கம் கிடையாது. கார்னருக்குக் கடிகாரம் நிற்காது. நேற்று ஆட்டத்துக்கு முன் அமலி சொன்ன ஏதேதோவில் அதுவும் ஒன்று. அவர் தலையாட்டிய ஏதேதோவில் அதுவும் ஒன்று.

நேற்றுக் கடைசிக் கால்பகுதியில் அவர் பக்கம் ஒரே ஒரு கார்னர் விழுந்தது. அவர் கொடுத்தது.

அதற்குள் சிவப்பு ரிப்பன் பிள்ளைகள் சுற்றி நின்றுவிட்டார்கள். “டைம் முடிஞ்ச பிறகு போட்ட கோல் டீச்சர் அது,” என்றாள் ஒருத்தி. “நாங்க மனசுக்குள்ள எண்ணிட்டேதான் இருந்தோம்.”

“சார் சொல்லுவாங்க,” என்றார் அமலி.

எல்லாக் கண்களும் பூல்பாண்டியன் மேல் திரும்பின. கோட்டுக்கு உள்ளே நிற்க ஆசைப்பட்டார் அல்லவா, இப்போது நின்றார்.

“நேரம் முடிஞ்சிருச்சு,” என்றார். “கோல் செல்லாது. ஆட்டம் சமம்.”

அவ்வளவுதான் சொன்னார். எதனால் என்று சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை என்பதுதான் உண்மை.

நீல ரிப்பன் குட்டைப் பெண்ணுக்கு உதடு துடித்தது. “அப்ப டீச்சர் ஏன் சார் விசில் ஊதல?”

பூல்பாண்டியன் கடிகாரத்தைச் சட்டைப் பைக்குள் திணித்தார். அமலி எல்லைக் கொடிகளைப் பிடுங்கப் போனார்.

பிள்ளைகள் மட்டைகளைப் பொறுக்கிக்கொண்டு நடந்தார்கள். போகிற போக்கில் அந்தக் குட்டைப் பெண் பக்கத்தில் வந்தவளிடம் சொன்னது அவர் காதில் தெளிவாக விழுந்தது. “டீச்சருக்குச் சிவப்பு டீம்தான் பிடிக்கும். எனக்கு முன்னமே தெரியும்.”

அது அமலிக்கும் கேட்டிருக்கும். அவர் குனிந்து எல்லைக் கொடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார்.

பூல்பாண்டியனுக்கு அழுகை வந்தது. நாற்பத்தொன்பது வயதுப் பேராசிரியருக்கு, வெட்டவெளியில், காலை எட்டு மணிக்கு. அதை அடக்கிக்கொண்டு அவரும் ஒரு கொடியைப் பிடுங்கினார்.

“நேத்தே தெரியுமா டீச்சர்?”

“நீங்க ரெண்டாவது தடவ அமுக்குனதப் பாத்தேன்.”

“ஏன் சொல்லல?”

“நீங்க ஏன் கேக்கல? விசில் ஊதுன உடனே வந்து, என் வாட்ச்ல நேரம் இருக்கேன்னு கேட்டிருந்தா அங்கேயே சொல்லியிருப்பேன். நீங்க தாள்ல கையெழுத்துப் போட்டீங்க. இன்னைக்கு வந்து வேற என்னமோ கேட்டீங்க.”

“தாள்ல ‘நேரம் சரி’ன்னு எழுதுனீங்களே.”

“நேரம் சரிதான சார்.”

“என் வாட்ச் தப்புன்னு எழுதியிருக்கலாம்.”

“அது உங்க தேர்வு. உங்க விடைய நான் எப்படி எழுதுவேன்?”

பூல்பாண்டியன் கொஞ்ச தூரம் நடந்தார். பிறகு, விட மனமில்லாமல், மிச்சமிருந்த ஒன்றையும் கேட்டுவிட்டார். பழக்கம் லேசில் போகுமா?

“அந்த ரெண்டு பிள்ளைகளும் ஒண்ணாச் சிரிச்சாங்களே, அது?”

“அழுது முடிச்சிட்டுச் சிரிச்சாங்க. பந்தல் பின்னால ரெண்டும் கட்டிப்பிடிச்சு அழுததுக பத்து நிமிசம். நீங்க பின்பாதிக்குத்தான் வந்தீங்க.”

“இசக்கியம்மாளுக்கு அந்த அடி போயிருச்சேன்னு இருக்காதா?”

“இருக்கும். ரோஸ்லினுக்கு விழுந்து கிடந்தோமேன்னு இருக்கும். அத வேற யார்கிட்டச் சொல்ல முடியும் அவளுகளால?”

மரத்தடிக்கு வந்து உட்கார்ந்தார்கள். அரிராமன் டீக்கடையில் பேசியதை எல்லாம் பூல்பாண்டியன் சொன்னார். எழுதித் தரச் சொன்னதை, ஷூட் அவுட்டை, அமலியை விலக்கப் போவதை. பேட்ஜ் விஷயத்தை மட்டும் விழுங்கிவிட்டார். பிறகு அதையும் துப்பிவிட்டார்.

அமலி கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பூல்பாண்டியனுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“கேட்டா எழுதித்தான குடுக்கணும். எழுதுங்க.”

“என்ன எழுத?”

“உங்க வாட்ச்ல என்ன இருந்துச்சோ அத எழுதுங்க. என் வாட்ச்ல என்ன இருந்துச்சோ அதையும் எழுதுங்க.”

“எது சரின்னு?”

“அது வேண்டாம்.”

“அப்படி விட்டா உங்க மேல இருக்க சந்தேகம் போகாதே டீச்சர்.”

“ரெண்டு பேர் மேலயும் பாதிப் பாதி இருக்கும். சமம்.”

“அவுக ஷூட் அவுட்டுன்னு நிப்பாங்க.”

“நிக்கட்டும். ஷூட் அவுட் ஒண்ணும் பாவம் இல்ல சார். நானே எத்தனையோ ஷூட் அவுட்ல கோல்ல நின்னிருக்கேன். ஆட்டம் தொடங்கும்போதே இதுதான் விதின்னு சொன்னா எந்தப் பிள்ளையும் ஆடும். வேணும்னா அடுத்த வருசத்துக்கு வைக்கட்டும். முடிஞ்சு போன ஆட்டத்த, யார் மேலயோ சந்தேகப்பட்டு ஞாயித்துக்கிழமை உடைக்கிறதுதான் எனக்குப் புரியல.”

பூல்பாண்டியன் சட்டைப் பையிலிருந்து ஒரு வெற்றுத் தாளை எடுத்தார். காலையிலேயே எழுதி மடித்து வைத்திருந்த தாள் ஒன்றும் பைக்குள் இருந்தது. நான்கு பத்தி, எண் போட்டு, பறக்கும் படை அறிக்கை போலவே கச்சிதமாக. கட்டைப்பை இரண்டாவது பத்தியில் வந்தது. அந்தத் தாளை எடுத்து நாலாகக் கிழித்து, கிழித்ததை எங்கே போடுவது என்று தெரியாமல் மறுபடி பையிலேயே வைத்துக்கொண்டார்.

வெற்றுத் தாளில் எழுதத் தொடங்கினார். முதல் வரி: முடிவு விசில் ஒலித்தபோது என் கடிகாரத்தில் நாற்பது விநாடி மீதம் இருந்தது. இரண்டாவது வரி: அமலி அவர்களின் கடிகாரத்தில் நேரம் முடிந்திருந்தது.

கையெழுத்துப் போடப் போனார். பேனா நின்றது.

இந்த இரண்டு வரியோடு கொடுத்துவிட்டால் யாருக்கும் ஒன்றும் ஆகாது. அரிராமன் தலையைச் சொறிவார். இரண்டு கடிகாரம், இரண்டு நேரம், யாரைக் குற்றம் சொல்ல என்று விட்டுவிடுவார். பேட்ஜ்கூட வந்தாலும் வரும். அமலியே சொல்லிக் கொடுத்த வரிகள். குருவின் வாக்கு. அதற்கு மேல் ஒரு எழுத்து எழுத அவருக்கு எந்தக் கட்டாயமும் இல்லை.

மைதானத்தின் அந்தப் பக்கம் பிள்ளைகள் குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தார்கள். புது மட்டைகளை யார் முதல் மூன்று நாள் வைத்துக்கொள்வது என்று சண்டை கேட்டது. குட்டைப் பெண் சண்டையில் இல்லை. தனியாக நின்றாள்.

பூல்பாண்டியன் எழுந்து குழாயடிக்கு நடந்தார். அவர் அவளிடம் என்ன சொன்னார் என்பது மரத்தடிக்குக் கேட்கவில்லை. அவள் அவர் பெருவிரலைப் பார்த்தது மட்டும் தெரிந்தது. பிறகு அவள் அமலி இருந்த திசையைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் கழித்து ஓடிப்போய்ச் சண்டையில் சேர்ந்துகொண்டாள்.

திரும்பி வந்து உட்கார்ந்தார். தாளில் மூன்றாவது வரியை எழுதினார். பேட்ஜ் அந்த வரியோடு போய்விடும் என்று அவருக்குத் தெரியும். எழுத்து கோணலாகத்தான் விழுந்தது. பெனால்டி கார்னரின்போது இப்போட்டியின் விதிக்கு மாறாக என் கடிகாரத்தை நானே நிறுத்தினேன். ஆட்டம் சரியான நேரத்தில்தான் முடிந்தது. கையெழுத்துப் போட்டுத் தாளை அமலியிடம் கொடுத்தார்.

அமலி இரண்டு தடவை படித்தார். மூன்றாவது வரியில் விரலை வைத்தார்.

“இத யார் எழுதச் சொன்னா சார்?”

“யாரும் சொல்லல டீச்சர்.”

அமலி தாளை மடித்து அவரிடம் திருப்பிக் கொடுத்தார்.

“வந்ததும் ஒண்ணு கேட்டீங்கள்ல சார்? இப்படின்னா சமத்த உடைக்கலாம்.”